காட்டேரியும் குருதிச்சோகையும்



மலையகத்தில், ஹற்றன் பகுதியைச் சேர்ந்த ஓர் அரசாங்கப் பாடசாலையில் அதிபராகக் கடமையாற்றுபவன் நான். இத்தகைய ஒருவன் வானொலியில் பேச வந்தால், கல்வியைப் பற்றியோ இலக்கியத்தைப் பற்றியோ பேசுவான் என்றே நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இன்றைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் தொலைக்காட்சித் தொடர்களில் வருகின்ற இரத்தக் காட்டேரி. இப்பொருள் கல்விக்கும் இலக்கியத்துக்கும் எவ்வளவு அண்மையில் உள்ளது என்பது போகப்போகப் புலனாகும்.

தோட்டப் பிள்ளைகள் எந்தத் தொடரைப் பார்க்கிறார்கள் என்பதை அறிய வேண்டுமானால், காலைவேளையில் பாடசாலை வாயிற்படியில் பத்து நிமிடம் நின்றால் போதும். முதல்நாள் இரவு திரையில் வந்த பேய், மறுநாள் காலை பிள்ளைகளோடு சேர்ந்து பாடசாலைக்கு வந்துவிடும். கோரைப்பல் முளைத்தவன் எப்படிச் சன்னலைத் திறந்தான், உறங்கிய பெண்ணின் கழுத்தில் எத்தனை துளைகள் இருந்தன என்பனவெல்லாம், கணக்குப் பாடத்தில் ஒருபொழுதும் காணாத நுட்பத்தோடு அங்கே எடுத்துரைக்கப்படும்.

இது நம் நாட்டில் மட்டும் காண்பதன்று. அமெரிக்காவில் 1966ஆம் ஆண்டு "டார்க் ஷாடோஸ்" என்ற தொடர் ஆரம்பமாயிற்று. பார்ப்போர் தொகை போதாமையால் அது நின்றுவிடும் நிலையில் இருந்தது. 1967இல் பார்னபஸ் என்னும் இரத்தக் காட்டேரி அக்கதையில் நுழைந்ததும் அத்தொடர் உயிர் பெற்று, 1971 வரை ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட பகுதிகளாக ஓடியது. செத்தும் சாகாத ஒன்று, சாகக் கிடந்த ஒரு தொடரைப் பிழைக்க வைத்தது. தமிழிலும் 1990களில் "மர்மதேசம்" போன்ற தொடர்கள் வந்தபோது, நேரம் தவறாமல் வீட்டுக்கு ஓடிய பெரியவர்களை நான் அறிவேன். அவர்களுள் நானும் ஒருவன்.

நமது மலைநாட்டில் தொலைக்காட்சி நுழைந்த வரலாறும் சுவையானது. 1979இல் இந்நாட்டில் தொலைக்காட்சி தோன்றிற்று. 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி ஆரம்பிக்கப்பட்டது. 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுறுதாலகால மலையுச்சியில் அதன் அஞ்சல் கோபுரம் எழுந்தது. கோபுரம் எங்கள் தலைக்கு மேலே நின்றதெனினும், மின்சாரமே இல்லாத லயங்கள் அப்பொழுது பல. மோட்டார் வண்டியின் பெற்றரியை இணைத்து, ஒரு காம்பராவில் ஒரு பெட்டியை வைத்து, ஒரு லயமே கூடியிருந்து பார்த்த காலம் அது. இன்றோ தகரக் கூரைதோறும் ஒரு டிஷ் அன்டனா வானத்தை நோக்கிக் கவிந்து நிற்கிறது. பிள்ளைகளின் கையில் தொலைபேசியும் இருக்கிறது.

இனி, இப்பேச்சுக்குக் காரணமான நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பத்தாம் வகுப்பில் ஒரு மாணவி பயின்றாள். படிப்பில் கெட்டிக்காரி. ஒரு தவணைக்குள் அவள் நிறம் மாறிற்று. முகம் வெளுத்தது; கண்ணிமையின் உட்புறமும் நகங்களும் வெளிறின. பாடசாலைக்கு வரும் படிக்கட்டில் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். ஒருநாள் காலைப் பிரார்த்தனையின்போது மயங்கி விழுந்தாள். அந்நாட்களில்தான், தமிழில் குரல் மாற்றி ஒளிபரப்பான ஒரு பிறநாட்டுத் தொடரில் இரத்தக் காட்டேரியின் கதை இரு வாரங்களாக வந்துகொண்டிருந்தது. முதல் வாரப் பகுதியை அவள் பார்த்தாள். இரவில் அலறி எழுந்தாள். அஞ்சிய தாய் மறுவாரம் பெட்டியை மூடிவிட்டாள். ஆகவே அக்கதையின் முடிவை அவள் காணவில்லை. அந்திவேளையில் ஓடைக்கரையால் தனியே வந்த பிள்ளையைக் காட்டேரி பிடித்து இரத்தத்தைக் குடிக்கிறது என்று அயலவர் முடிவு கட்டினர்.

அவளை என் அறைக்கு அழைத்தேன். "பேயுமில்லை, பிசாசுமில்லை. பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை இப்படி நம்பலாமா? வெட்கமாயில்லையா?" என்று கேட்டேன். பகுத்தறிவைப் போதித்துவிட்டேன் என்ற நிறைவோடு அவளை வகுப்புக்கு அனுப்பினேன். மறுநாள் அவள் வரவில்லை. இரண்டு வாரம் சென்றும் வரவில்லை. தாய் கடன் வாங்கிக் கோடாங்கியை வரவழைத்திருப்பதாகவும், பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்தப் போவதாகவும் செய்தி வந்தது. சாதாரண தரப் பரீட்சைக்கு ஓராண்டே இருந்தது. என் பேச்சில் எங்கோ பிழை இருக்கிறது என்பது அப்பொழுதுதான் எனக்கு உறைத்தது.

அப்பிழையைக் கண்டுகொள்ள நான் காட்டேரியைப் பற்றியே சிறிது படிக்க வேண்டியதாயிற்று. படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

இரத்தம் குடிக்கும் பேய் தமிழருக்குப் புதியதன்று. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில், பசியால் வாடிய பேய்கள் போர்க்களத்துக்கு ஓடிச் சென்று, குருதியையும் நிணத்தையும் கொண்டு கூழ் சமைத்து உண்ணும் காட்சியைப் பெரும்பாலோர் அறிவீர்கள். அப்பேய்கள் எலும்பும் தோலுமானவை; நம்மைச் சிரிக்க வைப்பவை. மேனாட்டு இரத்தக் காட்டேரி வேறு வகையினது. 1897இல் பிராம் ஸ்டோக்கர் எழுதிய நாவலில் வரும் டிராகுலா ஒரு பிரபு. அவனுக்குக் கோட்டை உண்டு, நிலம் உண்டு, சுற்றியுள்ள குடியானவர்கள் அவன் பெயரைக் கேட்டாலே நடுங்குவார்கள். இவ்வேறுபாட்டை வகுப்பில் நான் விளக்கியபோது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நம்ம பேய் பசிச்ச பேய், அவுங்க பேய் துரைப் பேய்" என்றான். அதைவிடத் திறமான உரையை எந்த உரையாசிரியரும் எழுதியிருக்க இயலாது.

எங்கள் முன்னோர் தென்னிந்தியாவிலிருந்து மலைக்கு வந்தபோது மாரியம்மனையும் முனியாண்டியையும் மாடசாமியையும் உடன் கொண்டுவந்தனர். வந்த இடத்தில் தொழிற்சாலைச் சக்கரத்தைக் காக்க ரோதை முனியும், கத்தி பிடிப்பவனைக் காக்கக் கவ்வாத்துச் சாமியும் தோன்றின. அவ்வாறே காட்டேரியும் வந்தாள். கருவுற்ற பெண்ணையும் பிள்ளை பெற்றவளையும் பற்றி இரத்தத்தை உறிஞ்சுபவள் என்பது அவளைப் பற்றிய பழைய நம்பிக்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்காகக் கயானாவுக்குக் கப்பலேறிய தமிழரும் அவளை அங்கே கொண்டு சென்றனர். அங்கே அவள் அஞ்சப்படும் பேயாக நில்லாமல், தாயையும் சேயையும் காக்குமாறு வேண்டப்படும் தெய்வமாக இன்றும் வழிபடப்படுகிறாள். நம் சிங்களச் சகோதரரிடையே ரீரி யகா என்னும் இரத்தப் பேய் உண்டு. நோய்க்கு ஒரு பேயாகப் பதினெட்டுப் பேய்களுக்கு முகமூடி செய்து ஆடும் சன்னி யகுமக் கூத்தும் உண்டு. இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை தெரிகிறது. மக்கள் பேயைக் காரணமின்றிப் படைப்பதில்லை. கண்ணெதிரே ஒருவர் தேய்ந்து போகிறார், காரணம் தெரியவில்லை, தெரியாத காரணத்துக்கு ஒரு பெயர் வேண்டியிருக்கிறது.

மேனாட்டிலும் இதுவே நடந்தது. ஐக்கிய அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்தில் எக்ஸீட்டர் என்றோர் ஊர். அங்கே ஒரு குடியானவன் வீட்டில் முதலில் தாயும், அடுத்து மூத்த மகளும், 1892 சனவரியில் மேர்சி பிறவுண் என்ற பத்தொன்பது வயது மகளும் இளைத்து இறந்தனர். மகன் எட்வின் நோயுற்றான். இறந்தவர்களுள் ஒருவர் எழுந்து வந்து உயிரை உறிஞ்சுகிறார் என ஊரார் நம்பி, அவ்வாண்டு மார்ச் மாதத்தில் உடல்களை வெளியே எடுத்தனர். பனிக்காலமாதலின் மேர்சியின் உடல் கெடாதிருந்தது. இதயத்தில் இரத்தம் இருந்தது. அதை எரித்துச் சாம்பலை நீரில் கலந்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தனர். இரண்டு மாதத்தில் அவனும் இறந்தான். அக்குடும்பத்தை அழித்தது காசநோய். அந்நோயின் கிருமியை ஜெர்மானிய அறிஞர் றொபேட் கொக் 1882இலேயே கண்டறிந்து அறிவித்துவிட்டார். உண்மை கண்டுபிடிக்கப்பட்டுப் பத்தாண்டு கடந்திருந்தது. எக்ஸீட்டரின் அந்த வீட்டு வாயிலுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

இதற்கு முன்பே, 1755இல், ஒஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா தம் அரண்மனை வைத்தியர் வான் சுவீற்றனிடம் இரத்தக் காட்டேரி பற்றிய அறிக்கை பெற்று, புதைத்த உடலைத் தோண்டி எரிக்கும் வழக்கத்தைத் தடைசெய்தார். சட்டம் பிணத்தைக் காத்தது. ஆயினும், மனிதர் ஏன் தேய்கின்றனர் என்ற கேள்விக்குச் சட்டத்தால் விடை கூற முடியவில்லை. நானும் என் அறையில் அம்மாணவிக்குச் சட்டமே கூறினேன்; விடை கூறவில்லை. என் பிழை அதுதான்.

நேயர்களே, மலைநாட்டில் மெய்யாகவே ஒரு காட்டேரி இருந்தது. அதன் நீளம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர். கொளுக்கிப்புழு என்பது அதன் பெயர். மலத்தால் அசுத்தமான ஈரமண்ணில் அதன் குஞ்சு வாழும். வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகும். நுரையீரல் வழியாகச் சென்று சிறுகுடலை அடையும். அங்கே குடற்சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். ஒரு புழு குடிப்பது சொற்பம். நூற்றுக்கணக்கில் சேர்ந்தால் ஆளையே வெளிறச் செய்யும். கருவுற்ற பெண்ணுக்கோ அது உயிராபத்தாகும். காட்டேரி கருவுற்றவளைப் பிடிக்கிறாள் என்று நம் பாட்டிமார் சொன்னபோது, அவர்கள் கண்டது பொய்யன்று. கண்டதற்கு இட்ட பெயர்தான் வேறு.

1916ஆம் ஆண்டு றொக்பெல்லர் நிதியத்தின் துணையோடு மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் இப்புழுவை ஒழிக்கும் முயற்சி ஆரம்பமாயிற்று. மருந்து கொடுத்தால் மட்டும் போதாது, மலசலகூடமும் வேண்டும் என்று வைத்தியர்கள் கூறினார்கள். அதற்காகும் செலவை ஏற்கத் தோட்ட உரிமையாளர் பலர் தயங்கினர். மருந்துண்டவர் அதே மண்ணில் அதே வெறுங்காலோடு நடந்தால் நோய் மீளும் என்பதை விளக்க வேண்டியதில்லை. இன்று மலசலகூடமும் செருப்பும் பூச்சிக் குளிசையும் அப்புழுவைப் பெரிதும் அடக்கிவிட்டன. எனினும் குருதிச்சோகை நம்மை விட்டுப் போய்விடவில்லை. காலையில் ரொட்டியும் சாயத்தண்ணீரும் உண்டு கொழுந்து மலைக்கு ஏறும் தாயின் உணவில் இரும்புச்சத்து எவ்வளவு இருக்கும்? அதிலும், உணவோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து உடலிற் சேர்வதைத் தடுக்கிறது. உலகுக்குத் தேயிலை கொடுக்கும் மக்கள் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. தேநீரை விட்டுவிடுமாறு நான் சொல்லவில்லை; சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள் என்றே சொல்கிறேன்.

மாணவியின் கதையை முடிக்கிறேன். இம்முறை நான் லயத்துக்கே சென்றேன். பேய் இல்லை என்ற வாதத்தைத் தொடக்கவேயில்லை. "அம்மா, பிள்ளையின் உடம்பில் இரத்தம் குறைந்திருப்பது உண்மைதான். நீங்கள் சொன்னது சரி. அது எங்கே போகிறது என்று பார்ப்போம். கோடாங்கி தம் வேலையைச் செய்யட்டும், நாங்கள் வைத்தியசாலைக்கும் போய் வருவோம்" என்றேன். அந்தத் தாய் என்னை நிமிர்ந்து பார்த்தாள். தன் கண் கண்டதைப் படித்தவன் ஒருவன் ஒப்புக்கொண்டது அவளுக்கு வியப்பாயிருந்திருக்கலாம். மறுநாளே புறப்பட்டாள். இரத்தத்தைப் பரிசோதித்தனர். ஈமோகுளோபின் 12 கிராம் இருக்க வேண்டிய இடத்தில் 7 கிராமே இருந்தது. பூச்சிக்கு மருந்தும், இரும்புச்சத்துக் குளிசையும், உணவு பற்றிய அறிவுரையும் தந்தனர். மூன்று மாதம் சென்றபின் அவள் படிக்கட்டில் ஓரிடத்திலும் நில்லாமல் ஏறி வந்தாள். வந்தவள் கேட்ட முதற் கேள்வி, "ஐயா, அந்தக் கதை எப்படி முடிஞ்சிச்சு?" என்பதே. நான் அதைப் பார்த்திருக்கவில்லை. வகுப்புத் தோழி ஒருத்தி இடைவேளையில் அதை முழுவதும் நடித்தே காட்டினாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்ததைச் சன்னலூடாகக் கண்டேன்.

ஆகவே இத்தொடர்களைத் தடுக்க வேண்டும் என்று கூறுவோருடன் நான் உடன்படுவதில்லை. 1972இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் "த நைற் ஸ்ரோக்கர்" என்றொரு படம் வந்தது. அதைத் தொடர்ந்து 1974இல் இருபது பகுதிகள் கொண்ட தொடரும் வந்தது. கொல்சாக் என்னும் பத்திரிகை நிருபர் அதன் நாயகர். படத்தில் அவர் எதிர்கொள்வது ஓர் இரத்தக் காட்டேரியை. அவர் செய்வதென்ன? பிரேதப் பரிசோதனை அறிக்கையைக் கேட்கிறார்; சாட்சிகளை விசாரிக்கிறார்; பழைய பதிவுகளைத் தேடுகிறார்; அதிகாரிகள் மறைப்பதை எழுத முயல்கிறார். பேய் கற்பனைதான், கேள்வி கேட்கும் முறையோ நம் பிள்ளைகளுக்கு மிகவும் வேண்டியது. இன்னொன்றும் அவர்களுக்குச் சொல்லலாம். வெயில் பட்டால் இரத்தக் காட்டேரி அழியும் என்பது 1922இல் வெளிவந்த "நொஸ்பெராட்டு" என்ற ஜெர்மன் படத்தில் புகுந்த கற்பனை. ஸ்டோக்கரின் டிராகுலா பகலிலும் வெளியே நடமாடுகிறான். ஆளுக்கேற்பச் சட்டம் மாறும் பேய், எழுத்தாளனின் மேசையிலே பிறந்தது என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வார்கள்.

அஞ்ச வேண்டியது கதைக்கன்று, வதந்திக்கு. 2011 ஆகஸ்ட் மாதத்தை மலைநாட்டார் மறந்திருக்க மாட்டார்கள். உடம்பில் கிறீஸ் பூசிய மர்ம மனிதன் இரவில் வந்து பெண்களைத் தாக்குகிறான் என்ற செய்தி தோட்டத்துக்குத் தோட்டம் பரவிற்று. புதையலுக்காகப் பெண்களின் இரத்தம் தேவைப்படுகிறது என்றும் கூறப்பட்டது. பழைய காட்டேரி புதிய வேடத்தில் வந்தாள். தனியே வாழும் பெண்களின் அச்சத்தை நான் எள்ளி நகையாட மாட்டேன். கதவுக்கு உறுதியான தாழ்ப்பாள் இல்லாத காம்பராவில் உறங்குபவருக்கு அஞ்சுவதற்கு நியாயம் உண்டு. ஆனால் ஹப்புத்தளைப் பகுதியில் ஒரு கூட்டம் இரு மனிதரைக் கொன்றது. புத்தளத்தில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் கொல்லப்பட்டார். முறையிட்டால் விசாரிப்பார்கள் என்ற நம்பிக்கை அற்ற இடத்தில், கூட்டமே நீதிபதியாயிற்று.

கதை கேட்பவன் கதைக்கு வெளியே அமர்ந்திருக்கிறான். வதந்தி கேட்பவனோ அதனுள்ளே இழுக்கப்பட்டு, கையில் தடியும் கொடுக்கப்படுகிறான். கதைக்கு முடிவு உண்டு. வதந்திக்கு அது இல்லை. அடுத்த வீட்டுக்குச் சென்று மறுபடியும் தொடங்கும். முடிவைக் காணாத கதையும் வதந்தியைப் போலவே மனத்தில் தங்கிவிடும் என்பதை அம்மாணவியிடம் கண்டேன்.

எனவே பெற்றோருக்கு என் வேண்டுகோள் சில. பேய்த் தொடரைப் பிள்ளை பார்த்தால் பக்கத்தில் அமருங்கள், முடியும்வரை இருங்கள், முடிந்தபின் அதைப் பற்றிப் பேசுங்கள். பிள்ளையின் முகம் வெளுத்தால் கண்ணிமையைத் தாழ்த்திப் பாருங்கள். தோட்ட ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள். பாடசாலையில் தரும் குளிசையை ஓடையில் எறிய விடாதீர்கள். ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு சொல்: பேய் இல்லை என்று கூறுவதோடு நம் கடமை முடிவதில்லை. இரத்தம் எங்கே போயிற்று என்பதையும் நாம் கூற வேண்டும். அதைக் கூறிவிட்டால் காட்டேரி தானாகவே கதைக்குள் போய் அமர்ந்துகொள்வாள். அங்கே அவள் இருப்பதில் எவருக்கும் தீங்கில்லை.